எச்.ஐ.வி. புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை: கண்டறியப்பட்டோர் வேறு, தொற்றியோர் வேறு

உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 நெருங்கும்போது, நாட்டில் எச்.ஐ.வி. கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கட்டுரை எழுதவும் கல்லூரிகளில் பேசவும் பலர் புள்ளிவிவரங்களைத் தேடுகிறார்கள். ஓர் எண் கையில் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்த ஆண்டில் தொற்று ஏற்பட்டவர்களை அது குறிக்கிறதா, அந்த ஆண்டில் பரிசோதனையின் மூலம் கண்டறியப்பட்டவர்களைக் குறிக்கிறதா? தொற்று ஏற்பட்டவர்களை எவரும் நேரடியாக எண்ணுவதில்லை. அது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு கணித மாதிரியைக் கொண்டு செய்யும் மதிப்பீடு. கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையோ, தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று நாம் அழைக்கும் ஆலோசனை, பரிசோதனை மையங்களின் பதிவேடுகளிலிருந்து கூட்டி எடுக்கப்படுவது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரலில் வெளியான ஒரு செய்தியே சான்று. பாதுகாப்பற்ற உடலுறவால் பத்தாண்டுகளில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்றியது என்று, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட பதிலை வைத்துப் பல இதழ்கள் எழுதின. உண்மையில் அது, பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள் ஆலோசகரிடம் தாங்களே சொன்ன காரணத்தின்படி தொகுக்கப்பட்ட கணக்கு. 2011-12இல் அவ்வாறு பதிவானவர்கள் சுமார் 2.4 லட்சம் பேர். ஆனால் 2010ஆம் ஆண்டின் புதிய தொற்றுகள், எல்லா வழிகளையும் சேர்த்தே, ஏறத்தாழ 1.17 லட்சம்தான் என்பது 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டிலிருந்து கணக்கிட்டால் கிடைக்கும் எண். முந்தைய ஆண்டுகளில் தொற்றுக்கு ஆளாகி, அதை அறியாமலே வாழ்ந்தவர்கள் அப்போதுதான் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது. 2020-21இல் அதே கணக்கு 85,268 ஆகக் குறைந்ததைப் படிக்கும்போதும், அது ஊரடங்கால் பரிசோதனையே குறைந்த ஆண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே, கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையைத் தனியே எடுத்துக்கொள்ளாமல், எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்பதோடு சேர்த்துப் படியுங்கள். அந்த விவரம் பிரிவுவாரியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை வழக்கமாகவே செய்யப்படுவதால் தொற்று அவர்களிடம் முன்கூட்டியே தெரியவருகிறது. ஆண்களில் பலர் உடல்நிலை மோசமான பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை, கண்டறியப்படும்போது ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200க்கும் கீழே இருந்தால், தொற்று பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருக்கும். அத்தகையவரை அந்த ஆண்டின் புதிய தொற்றாகக் கருதுவது பிழை.

பிரிவுவாரியான எண்களில்தான் மிகுந்த நிதானம் தேவை. 1986இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, அவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் கண்டறியப்பட்டன. ஏனெனில் ஆய்வுக்காக இரத்தம் எடுக்கப்பட்டது அவர்களிடம்தான். தேடிய இடத்தில் கிடைத்ததை வைத்து, தேடாத இடத்தில் இல்லை என்று முடிவு செய்ததால், அந்தப் பெண்கள் நெடுங்காலம் சுமக்கத் தகாத பழியைச் சுமந்தார்கள். இன்றும், எந்த வழியில் தொற்றியது என்ற பதிவு பெரும்பாலும் வந்தவரின் சொல்லையே நம்பியிருக்கிறது. 2018 செப்டம்பர் வரை ஆண்களுக்கிடையிலான உறவைச் சட்டமே குற்றமாகக் கருதிய நாட்டில், அந்த உறவை ஆலோசகரிடம் மறைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி சதவீதங்கள். 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்பு ஆய்வில் தொற்றுடையோரின் விகிதம் ஊசி மூலம் போதைமருந்து செலுத்துவோரிடம் 9.03, திருநங்கைகளிடம் 3.78, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் 3.26, பெண் பாலியல் தொழிலாளர்களிடம் 1.85, கர்ப்பிணிகளிடம் 0.22 சதவீதமாக இருந்தது. இவை பழைய தொற்றும் புதிய தொற்றும் கலந்த விகிதங்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையால், தொற்றுடையோர் நீண்ட காலம் வாழும்போது இந்த விகிதம் உயரவும் கூடும். அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். புதிய தொற்றின் போக்கை அறிய விரும்புவோர் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளின் விகிதத்தைப் பார்ப்பது வழக்கம். அந்த வயதில் காணும் தொற்று பெரும்பாலும் அண்மைக் காலத்தது.

மாநிலங்களை ஒப்பிடும்போது விகிதத்தையும் எண்ணிக்கையையும் அருகருகே வையுங்கள். 2021 மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் தொற்று விகிதம் மிகுந்த மாநிலம் 2.70 சதவீதத்துடன் மிசோரம், எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் மிகுதியாக உள்ள மாநிலம் 3.94 லட்சம் பேருடன் மகாராஷ்டிரம். 2010ஐ விட நாட்டில் புதிய தொற்றுகள் 46 சதவீதம் குறைந்து 62,970 ஆன அதே காலத்தில், திரிபுராவிலும் மேகாலயத்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் அவை கூடின.

இரண்டு வெவ்வேறு அறிக்கைகளின் எண்களைக் கொண்டு ஒரே வரைபடத்தில் கோடு இழுக்கக் கூடாது. ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுகின்றன. 2005க்கு 52 லட்சம் என்று சொல்லப்பட்ட தொற்றுடையோர் எண்ணிக்கை 2006க்கு 25 லட்சமாக வந்தது, ஓராண்டில் பாதிப் பேர் மறைந்ததால் அன்று. தேசியக் குடும்பநல ஆய்வின் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் கூடுதல் கண்காணிப்பு மையங்களின் தரவுகளும் கணக்கில் சேர்ந்ததால்தான். ஆகவே, போக்கைப் பார்க்க வேண்டுமானால், கடைசியாக வந்த அறிக்கை முந்தைய ஆண்டுகளுக்குத் தரும் எண்களையே முழு வரிசைக்கும் பயன்படுத்துங்கள்.

எய்ட்ஸ் என்பது எச்.ஐ.வி. தொற்றின் முற்றிய நிலை மட்டுமே. ஆகவே எழுதும்போது "எய்ட்ஸ் நோயாளிகள்" என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்லாமல், "எச்.ஐ.வி.யோடு வாழ்வோர்" என்று குறிப்பிடுங்கள். ஒரு வட்டத்தில் (தாலுகாவில்) ஒரு பிரிவினரில் மூன்று பேர், நான்கு பேர் என்ற அளவில் எண் இருந்தால், அதை அப்படியே வெளியிட வேண்டாம். அவர்கள் யார் என்பதை ஊர் எளிதில் ஊகித்துவிடும். அந்த எண்ணை மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ கூட்டிய பிறகே எழுதுங்கள், ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது.