வெளிநாட்டில் முதல் மலையேற்றமா? இரவில் தூங்கும் உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

முதன்முறை மலையேறப் போகிறவர்கள் பெரும்பாலும் பூட்ஸ், ஜாக்கெட் வாங்குவதில்தான் தொடங்குவார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு தாளை எடுங்கள்.

படி 1: பயணத் திட்டத்தில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள், அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று வரிசையாக எழுதுங்கள். பகலில் ஏறும் உயரத்தைவிட இரவில் தூங்கும் உயரம்தான் முக்கியம்.

படி 2: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரம் ஓர் இரவுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு மலை மேலும் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. 5,500 மீட்டரில் அது ஏறக்குறைய பாதி. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. இதற்கு உடம்பு பழகச் சில நாட்கள் வேண்டும். பழகுவதற்குள் மேலே ஏறினால் வரும் தொல்லைதான் உயர நோய். தினமும் ஓடிப் பழகியவரையும் அது விடாது.

இரண்டு மலைப் பயணங்களை வைத்துப் பார்ப்போம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் (5,364 மீட்டர்) போகிறவர்கள் வழக்கமாக நாம்சே பஜாரில் (3,440) இரண்டு இரவு, திங்போச்சேயில் (4,410) இரண்டு இரவு தங்குவார்கள். அந்த ஓய்வு நாட்களை வெட்டிவிட்டு "சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் (5,895) மராங்கு பாதையிலோ குடில்கள் சுமார் 2,700, 3,700, 4,700 மீட்டரில் இருக்கின்றன. இரவுக்கு ஆயிரம் மீட்டர்! அதில் போவதென்றால் நடுக் குடிலான ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு தங்கும் திட்டத்தையே எடுங்கள். அதே மலையின் மச்சாமே பாதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதில் பகலில் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, 3,900-க்கு இறங்கித் தூங்கலாம்.

படி 3: காப்பீடு எடுக்கும்போது அது எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் பாருங்கள். மருத்துவரிடம், உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

படி 4: இப்போது பூட்ஸ். குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கி, சுமையோடு படியேறிப் பழகுங்கள். இறக்கத்தில் விரல் நுனி முன்னால் இடித்தால் அளவு சரியில்லை.

படி 5: மலையில் தலைவலியோடு குமட்டலோ சோர்வோ வந்தால் அன்று மேலே ஏறாதீர்கள். வழிகாட்டியிடம் மறைக்கவும் வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் துணையோடு உடனே இறங்குங்கள். பெரும்பாலும் 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே உடம்பு தேறத் தொடங்கும்.