கடைசி வரிசைக்குக் கேட்காத கடைசிச் சொல்

மேடைப் பேச்சு புரியவில்லை என்றால் முதலில் பழி உச்சரிப்பின் மேல்தான் விழும். ல, ள, ழ மூன்றும் பிசகாமல் வந்தும் ஒன்றுமே விளங்காத பேச்சுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கோளாறு பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது.

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'அடுத்த மாதமே தொடங்க முடியும்', 'தொடங்க முடியாது' இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி ஓரிரு எழுத்துகளில். சரியாக அங்கேதான் மூச்சு தீர்ந்து குரல் இறங்கிவிடுகிறது. பேசுபவருக்கு இது உறைக்காது. முடிவு அவர் மனதுக்குள் முன்பே ஒலித்துவிட்டதே! 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவி எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டு ஒன்றை ஒருவர் விரலால் மேசையில் தட்டுவார், எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 தடவையில் 3 தடவைதான் விடை வந்தது. தட்டியவர் காதில் பாட்டு, எதிரே இருந்தவருக்கு வெறும் டொக் டொக்.

மூச்சு ஏன் தீர்கிறது? 'தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி பேசி, ஒப்புதல் வாங்கி...' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போவதால். எழுத்தில் கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி இல்லை. வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

எழுதியதை அப்படியே வாசிப்பதும் இதே வகைத் தவறு. 'மேற்கூறிய காரணங்களால்' என்கிறார் ஒருவர். கேட்பவருக்கு மேல் ஏது, கீழ் ஏது? 'அவர்', 'அது' என்று சுட்டிக்கொண்டே போனாலும் இதே கதைதான். பேச்சில் பெயரைத் திரும்பச் சொல்வது குற்றமில்லை.

அப்புறம் இடைவெளி. இரண்டு நொடி மௌனத்துக்குப் பயந்து 'வந்து', 'அதாவது' என்று நிரப்புகிறோம். வணக்கம் சொல்லவே பாதி நேரம் போவது தனிக்கதை.

ஒத்திகையில் நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் குறித்துக்கொள்ளட்டும். தாளில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று அப்புறம் சேர்ந்து பாருங்கள்.