டிரக் மோதிய பிறகு: எதை முதலில் பிடித்து வைக்க வேண்டும்

அமெரிக்க நெடுஞ்சாலையில் செமி டிரக் மோதி அடிபட்டவர்களின் வீட்டார் என்னிடம் முதலில் கேட்பது, "தப்பு யார் மேல்?" என்றுதான். அதைக் கண்டுபிடிக்க நேரம் இருக்கிறது. ஆதாரங்களைக் காப்பாற்றத்தான் நேரம் கிடையாது. சில வருடங்கள் ஒரு டிரக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் ஓட்டுநர்களின் லாக்கை, அதாவது எப்போது ஓட்டினார்கள், எப்போது ஓய்வெடுத்தார்கள் என்ற பதிவைச் சரிபார்த்தேன். இப்போது அடிபட்டவர் தரப்பு வக்கீல்களுக்காக அதே மாதிரி லாக்கைப் படிக்கிறேன். பெரிய விபத்து என்றால் கம்பெனி ஆளும் இன்சூரன்ஸ் ஆளும் அன்றைக்கே சம்பவ இடத்துக்குப் போய்விடுவார்கள். அடிபட்டவரின் குடும்பம் அப்போது ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டிருக்கும். அதனால் ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர், இந்த வேலைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு வந்தவர் முதலில் படம் எடுக்க வேண்டும். டிரக்கின் கதவில் கம்பெனி பெயரோடு டி.ஓ.டி. எண், அதாவது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கம்பெனிக்குக் கொடுத்த எண் இருக்கும். முன்னால் இழுக்கும் டிராக்டர், பின்னால் வரும் டிரெய்லர் இரண்டின் நம்பர் பிளேட்டையும் தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே உரிமையாளர் என்று சொல்ல முடியாது. அந்த டி.ஓ.டி. எண்ணை, டிரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பின் சேஃபர் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கம்பெனியின் கடந்த இரண்டு வருட விபத்துகளும் சோதனைகளும் வரும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாலையோரச் சோதனையில் பிரேக் குறை எழுதியிருந்தால் நன்றாகக் குறித்து வையுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று கம்பெனி 15 நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் காகிதமும் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

சாலையில் டயர் தேய்த்த தடம் இல்லை, ஆகவே ஓட்டுநர் பிரேக்கே போடவில்லை என்று பலர் முடிவு கட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். 1997-98இலிருந்து வந்த டிராக்டர்களிலும் டிரெய்லர்களிலும் ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி, கட்டாயம். அது சரியாக வேலை செய்தால் தடம் மிக மங்கலாகத்தான் விழும், ஒரு மழையில் போய்விடும். எனவே மங்கலாகத் தெரிவதையும் படம் எடுங்கள். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிக்கொண்டிருக்கும். நேரில் போய்க் கேளுங்கள். போன் செய்தால் "பார்க்கிறோம்" என்பார்கள், அதோடு சரி.

அடுத்தது கடிதம். வக்கீல் மூலம், ரிஜிஸ்டர் தபாலில், "இவற்றை அழிக்கக் கூடாது" என்று கம்பெனிக்கு எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக "எல்லா ஆவணங்களும்" என்று எழுதுவது வீண். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் இவ்வளவு காலம் வைத்திருந்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. ஓட்டுநரின் லாக்கும் அதற்கான துணைச் சீட்டுகளும் 6 மாதம். தினசரி வண்டிச் சோதனை அறிக்கை 3 மாதம்தான். அந்தக் கெடு தாண்டியபின் எடுத்துப் போட்டுவிட்டால் கம்பெனியைக் குறை சொல்வது கஷ்டம். கடிதம் கையில் கிடைத்தபின் அழித்தால் கதையே வேறு, நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதத்தில் எஞ்சின் கம்ப்யூட்டரைத் தனியாகக் குறிப்பிடுங்கள். திடீர் பிரேக் போட்ட நேரம், அப்போதைய வேகம், கால் எந்தப் பெடலில் இருந்தது போன்றவை பல எஞ்சின்களில் பதிவாகும். வண்டியை ரிப்பேர் பார்த்து மறுபடி ஓட்டினால் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடலாம். ஆகவே இரு தரப்பு நிபுணர்களும் இருக்கும்போது பதிவிறக்கம் செய்யும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்று எழுத வேண்டும்.

உங்கள் காரிலும் இதே மாதிரிப் பெட்டி ஒன்று இருக்கும். பெரும்பாலான கார்களில் மோதலுக்கு முந்தைய 5 விநாடிகளின் வேகமும் பிரேக்கும் அதில் இருக்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தகவல் கார் உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி "டோட்டல் லாஸ்" (ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது) என்று பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்துக்கொண்டால் அது நேராக ஏலத்துக்குப் போகும், ஆதாரமும் கூடவே போகும். கையெழுத்துப் போடுவதற்கு முன் காரைத் தனியிடத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். கட்டணம் ஆகும், ஆனாலும் செய்யுங்கள்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். சரக்கு டிரக் ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். தினமும் வண்டி ஓடும் கம்பெனி என்றால் 8 நாளில் 70 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவர் வண்டியை எடுக்கக் கூடாது. இப்போது லாக் மின்னணுக் கருவியில் பதிவாகிறது, அதில் ஏமாற்ற முடியாது என்று கம்பெனித் தரப்பில் சொல்வார்கள். வண்டி ஓடியது தானாகப் பதிவாகும், உண்மைதான். யார் ஓட்டினார் என்பதை அது எப்படி அறியும்? ஓட்டுநர் லாக் அவுட் செய்துவிட்டு ஓட்டினால், "அடையாளம் தெரியாத ஓட்டுநர்" என்று அந்த ஓட்டம் தனியாக நிற்கும். நான் முதலில் திறக்கும் பக்கம் அதுதான். அப்புறம் "சொந்த வேலையாக ஓட்டியது" என்று குறித்த நேரங்கள். சரக்கோடு, போக வேண்டிய ஊர்த் திசையிலேயே 90 மைல் போனதெல்லாம் சொந்த வேலையா?

அதற்குப் பிறகு ஓட்டுநர் கைபடாத காகிதங்களை எடுக்கிறேன்: டீசல் ரசீது, டோல் பதிவு, சரக்கு ஏற்றிய கிடங்கின் நுழைவுச் சீட்டு, எடை நிலையப் பதிவு, வண்டியை எங்கே போகச் சொல்வது என்று பார்க்கும் கம்பெனி டிஸ்பாட்சரோடு பேசிய செய்திகள். எல்லாவற்றையும் ஒரே நேர வரிசையில் அடுக்குவேன். இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை படுக்கையில் இருந்ததாக லாக் சொல்கிறது, அதிகாலை 3:40க்கு அவர் கார்டில் வேறொரு ஊரில் டீசல் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாதம் எதற்கு? நேர மண்டலம் மட்டும் கவனம். லாக் ஓட்டுநரின் சொந்தக் கிளை இருக்கும் ஊர் நேரத்தில் இருக்கும், ரசீது உள்ளூர் நேரத்தில் இருக்கும். ஒரு மணி நேர வித்தியாசத்தைப் பொய் என்று தூக்கிக்கொண்டு போனால் எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான்.

ஓட்டுநருக்கு மது, போதைச் சோதனை நடந்ததா என்று பாருங்கள். உயிரிழப்பு என்றால் கட்டாயம். காயமோ வண்டி இழுத்துப்போகும் சேதமோ என்றால், ஓட்டுநருக்குப் போலீஸ் சம்மன் கொடுத்திருந்தால்தான் கட்டாயம். மதுவுக்கு 8 மணி நேரம், போதைப்பொருளுக்கு 32 மணி நேரம் கெடு. செய்யவில்லை என்றால் ஏன் என்று கம்பெனி எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தைப் படியுங்கள், சில சமயம் சோதனை முடிவைவிட அது அதிகம் பேசும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் ஆரம்பத்திலேயே பாருங்கள். மாநிலம் விட்டு மாநிலம் சாதாரணச் சரக்கு ஏற்றும் வாடகை டிரக்குக்குக் குறைந்தபட்சக் காப்பீடு 7,50,000 டாலர். 1980-களில் வைத்த தொகை அது. முதுகெலும்பில் அடிபட்டவருக்கு எந்த மூலைக்குப் போதும்? அதனால்தான் டிரெய்லர் யாருடையது, சரக்கை யார் ஏற்றினார், இடையில் தரகர் யார், பிரேக் வேலை யார் பார்த்தது என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருக்கிறது.

எதிர்த் தரப்பு இன்சூரன்ஸ் ஆள் அன்பாகப் போன் செய்வார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் பழக்கதோஷத்தில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறோம், அது பதிவாகிவிடும். பதிவு செய்யும் வாக்குமூலம் தர மாட்டேன், வக்கீலிடம் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

வழக்குப் போடும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டென்னசியில் ஒரு வருடம், டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் இரண்டு, நியூயார்க்கில் மூன்று. அரசு வண்டி என்றால் முன்னறிவிப்புக் கெடு இன்னும் குறைவு. வக்கீலைப் பார்க்கப் போகும்போது எத்தனை கோடி வாங்கித் தந்தார் என்று கேட்க வேண்டாம். டிரக்கின் எஞ்சின் பதிவை யாரை வைத்து, எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த வக்கீலிடம் போங்கள்.