வரைபடமும் வரலாறும் திரையில்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலிகளையும் விளையாட்டுகளையும் வைத்துப் பிள்ளைக்குப் புவியியலும் வரலாறும் சொல்லித்தரும்போது பலரும் செய்யும் முதல் தவறு, திரையில் வரும் மதிப்பெண்ணை நம்புவது. செடெர்ரா மாதிரி வரைபட வினாடி வினாவில் கொஞ்சநாள் விளையாடிய பிள்ளை ஆப்பிரிக்க நாடுகள் அத்தனையையும் தப்பில்லாமல் தொட்டுக் காட்டிவிடும். நூற்றுக்கு நூறு. சரி, நைல் நதி எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். தெற்கே என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். படத்தில் தெற்கு கீழே இருக்கிறது, தண்ணீர் கீழே தானே போகும்! எந்த வடிவம் திரையில் எங்கே இருக்கிறது என்பது விரலுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது வினாடி வினாவை மூடிவிட்டு, கணினியில் உலகை உருண்டையாகக் காட்டும் கூகுள் எர்த்தைத் திறங்கள். மவுஸை எங்கே வைத்தாலும் அந்த இடத்தின் உயரத்தைத் திரையின் அடியில் காட்டும். விக்டோரியா ஏரியில் வைத்தால் 1,130 மீட்டர் சுமாருக்கு வரும். அங்கிருந்து ஆற்றோடு கெய்ரோ வரை பிள்ளையையே நகர்த்தச் சொல்லுங்கள். மவுஸ் திரையில் மேலே ஏற ஏற, உயர எண் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருந்தாலே போதும், கேள்வி தானாக வரும்.

தட்டை வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. பல செயலிகளில் இருப்பது மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569இல் மாலுமிகளுக்காகப் போட்ட வரைபட முறையின் வாரிசு. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா 3 கோடிக்கு மேல். நம் இந்தியாவே, சுமார் 32.9 லட்சம், கிரீன்லாந்தைவிடப் பெரியது. உருண்டையைச் சுழற்றிப் பார்க்கும் மென்பொருளில் இந்தக் குழப்பம் வராது.

வரலாற்றில் சிக்கல் வேறு. காலக்கோட்டுச் செயலிகளில் விரலால் தள்ளத் தள்ள நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருமே தவிர, இடையில் ஓடிய காலம் தெரியாது. கீழடி, ராஜராஜன், கட்டபொம்மன் எல்லாமே பிள்ளைக்கு ‘அந்தக் காலம்’. மூன்று மீட்டர் நீளத்துக்குக் காகிதத்தை ஒட்டி, பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799, இன்றிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010, ஒரு மீட்டரில். கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை சொல்லும் கீழடி, இரண்டரை மீட்டரையும் தாண்டி எங்கோ கிடக்கும். செயலியில் புதிதாக எதைப் பார்த்தாலும் இதில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் போதும்.

போர் விளையாட்டுகளைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு 2022இல் வந்த கூடுதல் இணைப்பில் ராஜேந்திர சோழனாகவே ஆடலாம். ஆர்வத்தைக் கிளப்ப நல்ல சாமான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கப்பல் சில நிமிடங்களில் கரை சேர்ந்துவிடும். ஆடி முடித்ததும் கூகுள் எர்த்தின் அளவுகோலால் நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் இருந்த மலேசியாவின் கெடா வரை கோடு போடச் சொல்லுங்கள். நேர்கோட்டிலேயே 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். பாய்மரத்தில் அவ்வளவு தூரமா, எந்த மாசத்துக் காற்றில், குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று பேச்சு ஓடும்போதுதான் ராஜேந்திரனின் படையெடுப்பு எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளைக்கு உறைக்கும்.

அப்புறம், யாரோ கொடுத்த பழைய வரைபடப் பாட சிடியை அப்படியே போட்டுவிடாதீர்கள். தெற்கு சூடான் 2011இல் தனி நாடானது, ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது. இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.