ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் சாஃப்ட் ரிலீஸ் பட்டன்: பொருத்துவதும் பழகுவதும்

லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு கண்ணாடி மேலெழும்பி மோதுகிறது. தனிச் சாளரம் வழியே பார்த்துக் குவியம் சரிசெய்யும் ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால்தான் 1/30, 1/15 நொடியில்கூட இதைக் கையில் பிடித்தே எடுக்கலாம் என்கிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனாலும் புதிதாக வாங்கியவர்கள் முதல் சுருளைக் கழுவிப் பார்க்கும்போது மாலை நேரத்துப் படங்கள் பலவும் லேசாகக் கலங்கியிருக்கும். கண்ணாடி போன பிறகு மிச்சமிருக்கும் பெரிய அதிர்வு, ஷட்டரை அழுத்தும் விரலிலிருந்தே வருகிறது.

சாஃப்ட் ரிலீஸ் பட்டன் அந்த விரலுக்காக உண்டானது. சட்டைப் பொத்தான் அளவில் ஓர் உலோகத் தலை, அதன் அடியில் மரை வெட்டிய ஒரு சிறு தண்டு, அவ்வளவுதான். ஷட்டர் பட்டனின் நடுவில் கேபிள் ரிலீஸுக்காக (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்க உதவும் கம்பி) விட்டிருக்கும் துளையில் இதைத் திருகிவிட வேண்டும். பொருத்த அரை நிமிடம் போதும். பலன் கிடைக்க வேண்டுமென்றால் அழுத்தும் பழக்கமும் கூடவே மாற வேண்டும். பட்டனை மாட்டிவிட்டுப் பழையபடியே விரல் நுனியால் குத்தினால் படம் பழையபடியேதான் வரும்.

முதல் படி: உங்கள் கேமராவில் துளை இருக்கிறதா?

ஷட்டர் பட்டனை மேலிருந்து பாருங்கள். நடுவில் மரையோடு ஒரு குழி தெரிந்தால் வேலை எளிது. 1954இல் வந்த லைக்கா எம்3 முதல் எம்6 வரை பரவலாகப் புழங்கும் எம் வரிசைக் கேமராக்களில் இந்தக் குழி உண்டு. கேனனெட் ஜி-III, யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்களிலும் உண்டு. இந்த மரை பொதுவான அளவுடையது. கீழே போகப் போகச் சற்றுக் கூம்பும். ஆகவே எந்த நிறுவனத்தின் பட்டனும் பெரும்பாலும் பொருந்தும்.

லைக்கா III வரிசை போன்ற பழைய கேமராக்களில் நடுவில் குழி கிடையாது. ஷட்டர் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் வெளிப்பக்கம் மரை தெரியும். அவற்றுக்குத் தனி வகைப் பட்டனோ இணைப்பானோ வேண்டும். சாதாரணப் பட்டனை அதில் திணிக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: எதை வாங்குவது?

தலையின் மேற்பரப்பு குழிந்தும் இருக்கும், குவிந்தும் இருக்கும். தொடங்குபவர்களுக்கு லேசாகக் குழிந்ததையே பரிந்துரைப்பேன். பார்க்காமலே விரல் அதன் நடுவில் போய் உட்காரும். அகலத்தில் 8 மி.மீ., 12 மி.மீ. என இரண்டு அளவுகள் அதிகம் கிடைக்கின்றன. சிறியதே போதும். அகலமான தலை சில கேமராக்களில் பக்கத்திலுள்ள ஷட்டர் வேக வட்டிலையோ பட்டனைச் சுற்றிய விளிம்பையோ தொட்டுவிடும். உயரமும் குறைவாக இருக்கட்டும். உயர்ந்து நிற்கும் பட்டன் பக்கவாட்டில் அடிபட்டால் அந்த விசை முழுவதும் பழைய பித்தளை மரையில்தான் இறங்கும்.

மூன்றாம் படி: பிலிம் போடாமல் பொருத்திப் பாருங்கள்

பிலிம் இல்லாத கேமராவில், ஷட்டரை ஏற்றாத (பிலிம் நகர்த்தும் நெம்புகோலை இழுக்காத) நிலையில், பட்டனைத் துளைமேல் நேராக வைத்து விரல்களால் மட்டும் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் முதல் இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போகும். தொடக்கத்திலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். கூம்பு மரை என்பதால் முடிவில் தானாகவே இறுகும். அங்கே நிறுத்திவிடுங்கள். குறடு வேண்டாம்.

அடுத்து மூன்று சோதனைகள். இவற்றைத் தவிர்க்கக் கூடாது.

கேபிள் ரிலீஸ் இயங்குவது, அதன் நடுக்கம்பி துளைக்குள் இறங்கி ஷட்டரைத் தட்டிவிடுவதால்தான். சாஃப்ட் ரிலீஸின் தண்டு நீளமாக இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்துவிடும். ஷட்டரை ஏற்றுங்கள். பட்டனைத் தொடாமலே ஷட்டர் விழுந்தால், அல்லது ஒளிமானியின் விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருந்தால், தண்டு உள்ளே முட்டுகிறது. தலைக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் போட்டுச் சற்று உயர்த்திப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் அந்தப் பட்டன் அந்தக் கேமராவுக்கு ஆகாது.

இரண்டாவதாக, தலையின் விளிம்பை மட்டும் அழுத்துங்கள். ஷட்டர் விழுவதற்கு முன்பே அடிப்பகுதி எங்காவது இடித்து நின்றால் தலை மிகப் பெரியது.

மூன்றாவது சோதனைக்கு வேகத்தை ‘பி’ நிலையில் வையுங்கள். அழுத்தினால் ஷட்டர் திறக்கும். விரலை எடுத்த கணமே மூட வேண்டும். மூடும் சத்தம் தாமதமாகக் கேட்டாலோ, கேட்கவே இல்லை என்றாலோ பட்டன் முழுதாக மேலே வரவில்லை, எங்கோ உரசுகிறது. லைக்கா எம் வைத்திருப்பவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டு ஷட்டர் திரை மூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரையை மட்டும் தொட வேண்டாம்.

நான்காம் படி: விரல் எங்கே படுக்க வேண்டும்?

இந்தக் கட்டுரையில் நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

சாஃப்ட் ரிலீஸ் இல்லாத கேமராவில் என்ன நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஷட்டர் விழும் இடம் வரை பட்டனை இறக்க, விரல் வளைந்து நுனியால் கீழே தள்ளுகிறது. அழைப்பு மணியை அழுத்துவதுபோன்ற அசைவு அது. நுனி இறங்கும்போது மணிக்கட்டும் கொஞ்சம் இறங்குகிறது. கேமராவின் வலப்பக்கம் சரிகிறது. படத்தில் கலங்கலாகத் தெரிவது பெரும்பாலும் இந்தச் சரிவுதான்.

சாஃப்ட் ரிலீஸ் பொருத்திய பின் அழுத்தும் இடம் சில மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. இப்போது ஆள்காட்டி விரலை வளைக்காமல் கேமராவின் மேல் தட்டோடு படுக்க வையுங்கள். நுனி பட்டனைத் தாண்டி முன்னே நீளட்டும். முதல் மடிப்பை ஒட்டிய சதைப் பகுதி பட்டன்மேல் இருக்கட்டும். அங்கிருந்து தள்ளாமல், விரலை மெல்ல உருட்டி எடையை மட்டும் இறக்குங்கள். கட்டைவிரல் பின்பக்கத்தில் எதிர்விசை கொடுக்கட்டும். விரல் இறங்கும் விசையைக் கட்டைவிரல் வாங்கிக்கொண்டால் கேமரா எந்தப் பக்கமும் சாயாது. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய இடத்தில் அழுத்துங்கள்.

பட்டன் இறங்கும் பாதையில் படிகள் இருக்கும். அவை கேமராவுக்குக் கேமரா மாறும். 1984இல் வந்த லைக்கா எம்6இல், ஷட்டரை ஏற்றிவிட்டு லேசாக அழுத்தினால் வியூஃபைண்டரில் ஒளிமானியின் சிவப்பு முக்கோணங்கள் எரியும். இன்னும் அழுத்தினால் ஒரு சிறு தடை. அதைத் தாண்டினால் ஷட்டர். 2002இல் வந்த எம்7இல் இடையில் ஒளியளவைப் பூட்டிவைக்கும் படி ஒன்று கூடுதலாக உண்டு. கேனனெட் ஜி-IIIஇலும் தானியங்கி நிலையில் பாதி அழுத்தினால் ஒளியளவு நிலைத்துவிடும். எலக்ட்ரோ 35இல் பாதை நீளம். பாதி வழியில் மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு எச்சரிக்கும். சாஃப்ட் ரிலீஸ் வந்ததும் இந்தப் படிகள் விரலுக்கு வேறு மாதிரி தெரியும். ஆகவே பிலிம் இல்லாமல் ஏற்றுவதும் மெல்ல இறக்குவதுமாக, ஷட்டர் விழும் இடம் விரலுக்கு மனப்பாடம் ஆகும் வரை பழகுங்கள். ஒவ்வொரு முறையும் ஷட்டர் விழுந்த பிறகும் ஒரு கணம் விரலை அங்கேயே வைத்திருங்கள். சத்தம் கேட்டதுமே துள்ளி எழும் விரல், மெதுவான வேகத்தில் படத்தைக் கெடுக்கும். பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும்போது மட்டும் விரலைப் பட்டனிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு நல்ல வழி: சிறிய லேசர் பாயிண்டரை ரப்பர் பேண்டால் கேமராவோடு கட்டி, சில மீட்டர் தள்ளியுள்ள வெறும் சுவரில் புள்ளி விழும்படி நில்லுங்கள். யாருடைய கண்ணிலும் படக்கூடாது. கையில் பிடித்திருப்பதால் புள்ளி எப்போதும் கொஞ்சம் அலையும்; அதை விட்டுவிடுங்கள். ஷட்டர் விழும் கணத்தில் புள்ளி கீழே குதிக்கிறதா என்பதே கேள்வி. நுனியால் அழுத்தியும் சதையால் உருட்டியும் மாற்றிமாற்றிப் பாருங்கள். வேறுபாடு சுவரிலேயே தெரியும்.

ஐந்தாம் படி: பிலிமில் சோதனை

ஐஎஸ்ஓ 400 பிலிம், 50 மி.மீ. லென்ஸ். விளக்கு எரியும் அறையில் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். 1/60 நொடிக்கு எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு) சரியாக இருக்கும் வெளிச்சம் என்றால், 1/30க்கு எஃப் 4, 1/15க்கு எஃப் 5.6, 1/8க்கு எஃப் 8. ஒவ்வொரு வேகத்திலும் பட்டனோடு இரண்டு, பட்டன் இல்லாமல் இரண்டு எடுங்கள். மொத்தம் 16 படங்கள். வரிசையைக் குறித்துவைத்து, நெகட்டிவை உருப்பெருக்கியால் பாருங்கள். சிறிய எழுத்துகளின் விளிம்பு எந்த வேகம் வரை கூர்மையாக நிற்கிறதோ, அதுவே உங்கள் கையின் எல்லை. 1/60இல் பெரிய வித்தியாசம் இருக்காது. 1/15இல்தான் பட்டன் தன் பலனைக் காட்டும். 1/8இல் உடம்பின் ஆட்டமே மேலோங்கும். அங்கே சுவரில் சாய்ந்துகொள்வது எந்தப் பட்டனையும்விட உதவும்.

ஆறாம் படி: கழலாமலும் தானாக அழுந்தாமலும்

இந்தப் பட்டன்கள் தொலைவதற்குப் பெயர்போனவை. உரசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று எங்கோ விழுந்துவிடும். தலைக்கு அடியில் ரப்பர் வளையம் போடுவது எளிய தீர்வு. அல்லது குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் ஒரே சுற்று சுற்றி, தொங்கும் நூலை வெட்டிவிட்டுத் திருகுங்கள். உடனடியாக ஒட்டும் பசையைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அது உள்ளே வழிந்தால் ஷட்டர் பட்டனையே பிரிக்க வேண்டியிருக்கும்.

பையில் வைக்கும்போது ஷட்டரை ஏற்றி வைக்காதீர்கள். பை அழுத்தினால் பிலிமில் ஒரு படம் வீணாகும். எம்6 போன்றவற்றில் பாதி அழுந்திய நிலையிலேயே கிடந்து பேட்டரி தீரும். எடுக்கப்போகும்போது ஏற்றிக்கொண்டால் போதும். மேல்மூடி உள்ள பழைய தோல் உறைகள் பட்டன்மேல் இறுக்கமாக உட்காரும். மூடிப் பார்த்து, தொட்டால் மூடியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

முக்காலியில் கேபிள் ரிலீஸ் போடவும், பழுதுபார்க்கக் கொடுக்கவும் பட்டனைக் கழற்ற வேண்டும். இறுகிப்போயிருந்தால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள், பிடி கிடைக்கும். கழற்றியதைப் பழைய பிலிம் டப்பாவில் போட்டு வைத்தால் தேட வேண்டியிருக்காது.