கெமோமில் மணக்கும் பன்னா கோட்டா

இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியட்மாண்ட் பகுதிக்கு உரியதாகச் சொல்லப்படும், கிரீமை உறையவைத்துச் செய்யும் இனிப்பான பன்னா கோட்டாவில் கிரீம், பால், சர்க்கரை, ஜெலட்டின் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் அதிகம் இல்லை என்பதால், அதில் எந்த மணத்தைச் சேர்த்தாலும் அது தனித்துத் தெரியும். இத்தாலியர்கள் இரவில் உறங்கப் போகுமுன் அருந்தும் கெமோமில் பூ இதற்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் அதைத் தேநீராக வடித்து ஊற்றினால் கிரீம் நீர்த்துவிடும். பூவைக் கிரீமிலேயே ஊறவைக்க வேண்டும்.

ஆறு பேருக்கு 400 மி.லி. கிரீம், 200 மி.லி. பால், 70 கிராம் சர்க்கரை, 8 கிராம் உலர்ந்த கெமோமில் பூ, 6 கிராம் ஜெலட்டின் தூள் தேவை. கிரீமில் கொழுப்பு 35 சதவீதம் இருப்பது நல்லது. கேக் அலங்காரத்துக்கென விற்கப்படும், பால் கலவாத இனிப்புக் கிரீமை வாங்க வேண்டாம்.

ஜெலட்டினை 30 மி.லி. குளிர்ந்த நீரின் மேல் பரவலாகத் தூவிப் பத்து நிமிடம் ஊறவிடவும். குவியலாகக் கொட்டினால் உள்ளே உலர்ந்த கட்டிகள் தங்கிவிடும். கிரீமையும் பாலையும் சேர்த்துச் சூடாக்கி, ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றியதும் அடுப்பை அணைத்து, பூவைப் போட்டுப் பதினைந்து நிமிடம் மூடிவைக்கவும். அதற்கு மேல் ஊறினால் கசப்பு இறங்கத் தொடங்கும். மெல்லிய துணியில் வடிகட்டிய பின் கட்டாயம் அளந்து பார்க்கவும். பூ கணிசமான பாலை உறிஞ்சியிருக்கும் என்பதால், உறிஞ்சப்பட்ட அளவுக்குப் பால் சேர்த்து 600 மி.லி. ஆக்காவிட்டால் இனிப்பு ரப்பர்போல் இறுகிவிடும்.

பிறகு சர்க்கரையைச் சேர்த்து, கொதிக்கவிடாமல் சூடாக்கி இறக்கி, ஊறிய ஜெலட்டினைக் கலக்கவும். கொதித்தால் அதன் உறையவைக்கும் வலு குறையும். கரண்டியின் பின்புறத்தில் மணிமணியாக எதுவும் ஒட்டாத வரை கிளறவும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, சற்றே கெட்டிப்படும் வரை கிளறி ஆறவிட்ட பின்பே கிண்ணங்களில் ஊற்றவும். சூட்டோடு ஊற்றினால் கொழுப்பு மேலே மிதந்து இரண்டு அடுக்காகப் பிரியக்கூடும்.

மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஆறு மணி நேரமாவது வைக்கவும். கிண்ணத்தின் அடியைச் சில நொடிகள் வெந்நீரில் வைத்துத் தட்டில் கவிழ்த்தால், அசைக்கும்போது நடுங்குமே தவிர உடையாது. மேலே சிறிது தேன் போதும்.

சைவ உணவினர் ஜெலட்டினுக்குப் பதிலாகச் சைனா கிராஸ் எனப்படும் அகர் அகரின் தூளை 3 கிராம் எடுத்து, கிரீமுடன் சேர்க்காமல் தனியே வைத்த பாலில் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, பூவின் மணம் ஏறிய சூடான கிரீமுடன் கலக்கலாம். இது அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும் என்பதால் ஆறவிடாமல் உடனே ஊற்ற வேண்டும். ஆனால் உடல் சூட்டில் உருகாது என்பதால், ஜெலட்டினைப் போல நாவில் கரையாது.