பள்ளி வசூலா? பணம் கேக்காதீங்க, ஃபேன் கேளுங்க

ஊர்ப் பள்ளிக்கு வசூலுக்குப் போறப்ப "முடிஞ்சதைக் குடுங்க"ன்னு நோட்டை நீட்டாதீங்க. சீலிங் ஃபேன், பெஞ்சு, தண்ணி டேங்க்னு தேவையான பொருளையும் கடை விலையையும் ஒரு தாளில் எழுதி, எதிரே பேர் போட இடம் விட்டு நீட்டுங்க.

நோட்டில் மேலே 500ன்னு இருந்தா அடுத்தவரும் 500தான் எழுதுவார். பொருள்னா அந்தக் கணக்கு ஓடாது; "ரெண்டாங்கிளாஸ் ஃபேன் என்னுது"ன்னு முழுசா ஏத்துக்குவாங்க. வெளிச்சமே வெளிய வராத அளவுக்குக் கோயில் ட்யூப்லைட்ல 'உபயம்' எழுதுற ஊருங்க நம்முது! கேக்குற நேரமும் முக்கியம். திருப்பூர்ப் பக்கம் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வித்துக் காசு வந்ததும் போங்க.

கரண்ட் பில், தற்காலிக டீச்சர் சம்பளத்துக்கெல்லாம் இது ஒத்துவராது. அதுக்கு முன்னாள் மாணவர்கள்கிட்ட மாசச் சந்தாதான் வழி. நன்கொடைக்கு வருமான வரியில கிடைக்கிற சலுகையை (80ஜின்னு சொல்லுவாங்க) எதிர்பார்க்கிற கம்பெனிக்காரர்கிட்டயும் பொருளா வாங்காதீங்க. பொருளாக் குடுத்தா அந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தாலும் கிடையாது. 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை பேருக்குச் செக்கா வாங்கி, ரசீது போட்டுக் குடுங்க.